குழாயடி கைகலப்பு: ஜனத்தொகை மட்டுமா காரணம்?

புளியந்தோப்பில் தண்ணீர் தட்டும் கோடையில், "யக்கா, என் குடம்தான் முன்னாடி!" என்று கிளம்பும் வாய்த்தகராறு கைகலப்பாகி, போலீஸ் ஸ்டேஷன் வரை போவதுண்டு.

'ஜனம் பெருகிப்போச்சு' என்று பழி போடுவது சுலபம். 1981-ல் சென்னை மாநகரில் சுமார் 33 லட்சம் பேர். 2011-ல் 46 லட்சத்துக்கு மேல். நெருக்கடி உண்மைதான்.

ஆனால் 2019-ஐப் பாருங்கள். ஜனத்தொகை ஒரே வருஷத்தில் எகிறிவிடவில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. தினசரி சுமார் 83 கோடி லிட்டராக இருந்த சப்ளை 52.5 கோடியாகச் சரிந்தது. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயிலே வந்தது!

காசுள்ளவர் தனியார் லாரிக்குப் போன் போட்டார். தெருக்குழாயை நம்பியவர்கள்தான் முட்டி மோதினார்கள்.

லாரி எப்போ வரும், வீட்டுக்கு எத்தனை குடம் என்பதை முன்கூட்டியே அறிவித்தால் பாதிச் சண்டை ஓயும். மீதிக்கு ஏரிகளைத் தூர்வார வேண்டும்.