கல்லில் எழுதாத பெயர்கள்

இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவர் பலர் இலண்டன் மாநகரைக் கண்டதோடு திரும்பிவிடுகின்றனர். ஒரு நாள் கைவசம் இருப்பின், தென்கிழக்கே ஏறக்குறைய 60 மைல் தொலைவிலுள்ள கன்ரபரி நகரையும் கண்டு வருதல் நன்று. மதுரை மாநகர் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்து விளங்குவது போல, கன்ரபரியும் தன் பேராலயத்தைச் சூழ்ந்து விளங்குவதாகும்.

அரசன் இரண்டாம் ஹென்றிக்கும் அதிமேற்றிராணியார் தோமஸ் பெக்கற்றுக்கும் பகை மூண்டது. 1170 டிசெம்பர் 29-ஆம் நாள், அரசனைச் சேர்ந்த நான்கு வீரர் அவரை அப்பேராலயத்தினுள்ளேயே வெட்டி வீழ்த்தினர். மூன்றாண்டுகளில் அவர் புனிதராக்கப்பட்டார். அதன்பின் யாத்திரிகர் திரளாக வரலாயினர். 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னன் அவருடைய சமாதியை இடித்து அழித்தான். அது இருந்த இடத்தில் இன்று ஒரேயொரு மெழுகுதிரி எரிகின்றது.

அங்கு காண வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. சமாதியை நோக்கி ஏறும் கற்படிகள் யாத்திரிகரின் காலும் முழங்காலும் பட்டுக் குழிந்து தேய்ந்துள்ளன. பெக்கற்றின் பெயரை உலகம் அறியும். படியைத் தேய்த்தவர்களின் பெயரை யார் அறிவார்?

இக்கேள்வி நம் ஊவாவுக்கும் உரியதே. ஹாலிஎலவில் புகைவண்டி ஏறினால் அடுத்த நிலையம் பதுளை. அங்கும் ஆங்கிலேயர் எழுப்பிய பழைய தேவாலயம் ஒன்று நிற்கின்றது. 1857-இல் திறக்கப்பட்ட புனித மாற்கு ஆலயம் அது. பதுளையில் அரசாங்க அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் என்பவரின் ஞாபகார்த்தமாக அவருடைய நண்பர்கள் கட்டுவித்தது. அவர் 1,400-க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்பர். 1845-இல் அப்புத்தளையில் இடி வீழ்ந்து மாண்டார். அவர் பெயரும் பதவியும் மாண்ட விதமும் ஆலயத்துக் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன.

அதே காலத்தில் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களை நாடி வந்து கொண்டிருந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே 100 மைலுக்கும் மேல் நடந்து மாத்தளையை அடைந்து, அப்பால் மலையேறினர். வாந்திபேதியும் காய்ச்சலும் கண்டு வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். அவர்களுக்குக் கல்லும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை.

ஆயினும் படியைத் தேய்த்தவர்களைப் போல இவர்களும் சுவடு விட்டே சென்றுள்ளனர். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலையை நட்டு மலைகளைப் பசுமையாக்கிய கைகள் இவர்களுடையவை. சரிவிலே கான் வெட்டியதும், கல்லடுக்கி மண்ணைக் காத்ததும் அக்கைகளே.

பெயர் எழுதப்படாமையால் நேர்ந்த இழப்பு மனவருத்தத்தோடு நின்றுவிடவில்லை. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவனிடத்தும், அவன் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதற்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்பதற்கோ அத்தாட்சி கேட்டது. லயத்திலே பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோரின் குறை தீர 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியதாயிற்று.

ஆகவே வாசகர்களை ஒன்று வேண்டுகின்றேன். வரும் விடுமுறை நாளில் பிள்ளைகளைப் பதுளைக்கு அழைத்துச் சென்று அத்தேவாலயத்தையும் முதியங்கணை விகாரையையும் காட்டுங்கள். வீடு திரும்பியதும், குடும்பத்தில் மூத்தவரை நடுவில் அமர்த்தி, அவருடைய பாட்டன் பாட்டியரின் பெயர், வந்த ஊர், வேலை செய்த தோட்டம், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பெண்வழிப் பெயர்களை விட்டுவிடாதீர்கள். முதலில் மறக்கப்படுவன அவையே.

கல்லிற் பொறிக்க நம்மிடம் பொருள் இல்லாதிருக்கலாம். ஏட்டில் எழுத ஒரு பேனா போதும். சொல்லத் தெரிந்த மூத்தவர் நம்மிடையே இருக்கும்போதே அது நடைபெற வேண்டும்.