முதல் வீட்டுக்கு முதற்பொருள்

திருகோணமலையில் புதுக்குடித்தனம் தொடங்கும் இளையோர் பலர் முதலில் நுழைவது தவணைமுறைக் கடைக்குள்தான். பெரிய குளிர்சாதனப்பெட்டி, சுவரை அடைக்கும் தொலைக்காட்சி, மினுங்கும் அழுத்துபலகை அலுமாரி. இம்மூன்றில் எதையும் நான் முதலிடத்தில் வைக்கமாட்டேன்.

இது துறைமுக ஊர். உப்புக்காற்று இரும்புக் கட்டிலின் காலைத் தின்னும். ஆண்டிறுதி மாரிமழையில் அழுத்துபலகை ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஊதிய பலகையில் ஆணி நிற்காது. முதிரையிற் செய்த பழைய கட்டிலொன்று கிடைத்தால், மெருகு போயிற்றே என்று பாராமல் வாங்குங்கள். கச்சான் வீசும் மாதங்களுக்கு மின்விசிறி கட்டாயம். குளிர்சாதனப்பெட்டி பொறுக்கலாம், காலையில் கரைக்கு வரும் மீனை அன்றே சமைக்கும் ஊரில் அதற்கென்ன அவசரம்? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்றபோது அதுவும் வெறும் அலுமாரிதானே! (தவணைக்கு மின்வெட்டு கிடையாது.)

அலுமாரி என்றதும் சம்பூர் நினைவுக்கு வருகிறது. 2006இல் இடம்பெயர்ந்த அம்மக்கள் கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்து, 2015, 2016இல் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே திரும்பினார்கள். வீடும் எல்லையும் அழிந்த நிலத்தில் ‘இது என் காணி’ என்று சொல்ல, கையில் ஒரு தாள் வேண்டும்.

ஆகவே என் பட்டியலில் முதலாவது, பூட்டுள்ள சிறு பெட்டி. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு அதனுள் இருக்கட்டும். ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய அளவே போதும். 2004 டிசெம்பர் 26ஐக் கண்ட கரையோரத்தாருக்கு ஏனென்று விளக்க வேண்டியதில்லை. அதன் விலை ஒரு மாதத் தவணைக்குக்கூட வராது.