பசித்த உடம்பு

ரக்பியில் ஃப்ளாங்கர் என்று ஓர் இடம் உண்டு. ஸ்க்ரம்மில் இரண்டு அணிகளும் முட்டிக்கொண்டு நிற்கும்போது ஓரத்தில் தோள் கொடுத்துத் தள்ளுகிறவர் அவர். பந்து வெளியே வந்ததும் முதலில் பிரிந்து ஓடுகிறவரும் அவரே. எதிராளியை இடுப்போடு கட்டிச் சாய்க்க வேண்டும். சாய்த்த வேகத்தில் எழுந்து, தரையில் கிடக்கும் பந்தைப் பிடுங்க வேண்டும். மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஆளை நோக்கி ஓட வேண்டும். 80 நிமிடமும் இதே வேலைதான். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் முழு வேகத்தில் வந்து மேலே விழுவார்கள். அதைத் தாங்க உடம்பு வேண்டும். அந்த உடம்பு வளர்கிற வயதில் தட்டில் சோறு இருந்திருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் சியா கோலிசியை 2019, 2023 உலகக் கோப்பைகளைத் தூக்கிய கேப்டனாக உலகம் அறியும். எனக்கோ கோப்பைப் படங்களைவிட, அவர் ஆட வந்த காலம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

போர்ட் எலிசபெத் நகரை ஒட்டிய ஸ்வீடே, நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு. 1991 ஜூன் 16 அன்று கோலிசி பிறந்தார். பெற்றோர் இருவருமே பதின்பருவத்தினர். மறுநாள், ஒவ்வொரு குடிமகனையும் இனவாரியாகப் பதிவு செய்த சட்டத்தை நீக்க அந்நாட்டு நாடாளுமன்றம் வாக்களித்தது. சட்டம் போன பிறகும் ஸ்வீடேயில் அடுப்பு எரியாத வீடுகள் அப்படியேதான் இருந்தன. பாட்டி வளர்த்த பிள்ளை அவர். கூடத்துத் தரையில் மெத்தைத் திண்டுகளைப் பரப்பிப் படுப்பார். ஒரு செங்கல்தான் அவருக்கு பொம்மைக் கார். சாப்பிட எதுவும் இல்லாத இரவுகளில் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூங்கியதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ரக்பி வெள்ளைக்காரர்களின் ஆட்டம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கிழக்கு கேப் பகுதியின் ஹோசா மக்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதை ஆடி வருகிறார்கள். நிறவெறிக் காலத்திலும் தங்களுக்கென்று சங்கங்களும் மைதானமும் வைத்துக்கொண்டு ஆடினார்கள். கோலிசி சிறுவனாக ஆடிய ஆஃப்ரிக்கன் பாம்பர்ஸ் கிளப்பும் அப்படி அந்த மண்ணிலேயே வேர்விட்ட ஒன்று. அங்கே ஆட்டக்காரர்களுக்கு எப்போதும் பஞ்சமில்லை. அவர்களைத் தேடி யாரும் போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பன்னிரண்டு வயதில் மோசல் பே என்ற கடற்கரை ஊருக்கு ஒரு சிறுவர் போட்டிக்குப் போனார். போட்டுக்கொள்ள ரக்பி டவுசர் இல்லை. உள்ளே அணியும் பாக்ஸரோடு களத்தில் இறங்கினார். என் மகனுக்கும் இப்போது பன்னிரண்டு நடக்கிறது. சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால் வாசற்படி தாண்ட மாட்டான். அந்த வயதில் சக பையன்களின் பார்வை எப்படிச் சுடும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சிறுவன் ஓடினான், கட்டிச் சாய்த்தான், பந்தைப் பிடுங்கினான். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பயிற்சியாளர் டவுசரைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்த்தார். அதன் பலன், போர்ட் எலிசபெத்தின் பேர்பெற்ற கிரே பள்ளியில் உதவித்தொகையோடு ஓர் இடம்.

விடுதியில் அவருக்கென்று தனிக் கட்டில் இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பாடு இருந்தது. ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. கூடப் படித்த பையன்களிடம் பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். பாட்டியும் அம்மாவும் அவருடைய பள்ளிப் பருவத்திலேயே காலமானார்கள். 2007 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று அவருக்குப் பதினாறு வயது. வீட்டில் தொலைக்காட்சி இல்லாததால் ஸ்வீடேயில் ஒரு மதுக்கடைக்குப் போய்த்தான் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்.

பிறகு நடந்தவற்றை விளையாட்டுப் பக்கங்கள் வேகமாகச் சொல்லிவிடும். கேப் டவுனுக்குப் போய் 2011இல் வெஸ்டர்ன் ப்ராவின்ஸ் அணிக்கு ஆடினார், 2012இல் சூப்பர் ரக்பியில் ஸ்டார்மர்ஸ் அணிக்கு. 2013 ஜூன் 15, தன் 22ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், நெல்ஸ்ப்ரூட்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக தேசிய அணியில் அறிமுகம். மாற்று ஆட்டக்காரராகத்தான் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஆர்னோ போத்தா காயப்பட்டு வெளியேற, கோலிசி உள்ளே போனார். 30-17 என்று தென்னாப்பிரிக்கா வென்றது. ஆட்டநாயகன் விருது கோலிசிக்கு.

இத்தனை அருமையான தொடக்கத்துக்குப் பிறகும் நிலையான இடம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு முழுக்க மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார். 2015 உலகக் கோப்பையில் ஜப்பானிடம் 34-32 என்று தோற்று தென்னாப்பிரிக்கா தலைகுனிந்த ஆட்டத்திலும் மாற்றாகத்தான் இறங்கினார். 2017இல் ஸ்டார்மர்ஸ் கேப்டன். 2018 ஜூனில், டெஸ்ட் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை வழிநடத்திய முதல் கறுப்பினக் கேப்டன். ஜோகன்னஸ்பர்க்கில் இங்கிலாந்துக்கு எதிராக 24-3 என்று பின்தங்கியிருந்து 42-39 என்று வென்றார்கள்.

2019 தொடக்கத்தில் ஒரு பேட்டியில், அணித் தேர்வில் நிற ஒதுக்கீடு வேண்டுமா என்று அவரைக் கேட்டார்கள். தன் நிறத்துக்காகத் தன்னைத் தேர்ந்தெடுப்பதை விரும்பவில்லை என்றார். அதை வைத்துப் பெரிய வாக்குவாதம் நடந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது, கூடவே அவர் சொன்ன வேறொன்று. அந்தப் பள்ளிக்குப் போகாமல் இருந்திருந்தால் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டேன், சரியாக வளர்ந்திருக்கவும் மாட்டேன் என்ற பொருளில் பேசினார். இருபது வயதில் தேசிய அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் எட்டு வயதில் வீட்டு அடுப்பைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை இதைவிட நேராக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மோசல் பேயில் அவரோடு ஆடிய மற்றப் பையன்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கால்களும் அந்தத் தோளும் வாய்த்திருந்தனவோ!

அம்மா இறந்த பிறகு, அம்மாவின் மற்ற இரண்டு பிள்ளைகள், ஒரு தம்பியும் ஒரு தங்கையும், காப்பகத்துக்கும் வளர்ப்பு வீடுகளுக்குமாகச் சில ஆண்டுகள் அலைந்திருக்கிறார்கள். கோலிசிக்கும் அவர்களுக்கும் தொடர்பே இல்லாமல் போயிருந்தது. ரக்பி ஆடிச் சம்பாதிக்கத் தொடங்கியதும் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, சட்டப்படி பொறுப்பேற்று, கேப் டவுனில் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். தேசிய அணியில் இடம் இன்னும் உறுதியாகியிருக்கவில்லை.