தியாகம் என்றால் கூலி கேட்கக் கூடாதா?



சென்னை நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்ப் புறநகரில் குடியமர்த்தப்பட்ட மக்களிடையே நான் வேலை செய்கிறேன். சில மாதங்களுக்கு முன் அங்கே 28 வயதுப் பெண் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு பிள்ளைகளின் தாய். முன்பு வேலை பார்த்த வீடுகள் தூரமாகிவிட்டன. போய்வரும் பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடுகிறது. "அக்கா, வாடகைத் தாயா போனா போலீஸ் கேஸ் ஆயிடுமா?" என்று கேட்டார்.

பேசப் பேச முழுக் கதையும் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை கருமுட்டை கொடுத்திருக்கிறார். அப்போது கூட்டிப்போன புரோக்கர் அம்மா முதலில் நிறத்தைப் பார்த்தாராம், அடுத்து சாதியைக் கேட்டாராம். "எஸ்.சி.ன்னு சொல்லாத, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியும் கொடுத்தாராம். இப்போது அதே அம்மா வாடகைத் தாயாக இருக்கக் கூப்பிடுகிறார். "இதுக்கு சாதியெல்லாம் கேக்க மாட்டாங்க. கரு அவங்களோடது, நீ சுமக்க மட்டும்தான் போற. ஆனா காசு வாங்குறத வெளிய சொல்லாத. பிரியத்துல செய்யறதா எழுதிக் குடுக்கணும்."

முட்டைக்குச் சாதி பார்ப்பவர்கள் வயிற்றுக்குப் பார்ப்பதில்லை என்பதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் உழைப்புக்கு எப்போதுமே தீட்டு கிடையாது, ரத்தத்துக்குத்தான் தீட்டு. என்னை யோசிக்க வைத்தது அந்தக் கடைசி வரி. "பிரியத்துல செய்யறதா எழுதிக் குடுக்கணும்." இதை எழுதிக் கொடுக்கச் சொல்வது புரோக்கர் மட்டுமல்ல, சட்டமும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? வாடகைத் தாய் முறை ஒழுங்குமுறைச் சட்டம், செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் இரண்டும் 2021-ல் நிறைவேறி 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வாடகைத் தாய் 25 முதல் 35 வயதுக்குள், திருமணமாகி, சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே இருக்கலாம். மருத்துவச் செலவும் விதிகளில் சொல்லப்பட்ட செலவுகளும் 36 மாதக் காப்பீடும் உண்டு. அதற்குமேல் ஊதியம், ஊக்கத்தொகை என்று எந்தப் பெயரிலும் பணம் கொடுக்கக் கூடாது. மீறி வணிகமாக நடத்தினால் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆக, வாடகையைச் சட்டம் எடுத்துவிட்டது. பெயரில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சட்டமே இல்லாமல், 2005-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல்களை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய சந்தை ஒன்று இங்கே வளர்ந்தது. குஜராத்தின் ஆனந்த் நகரம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வெளிநாட்டுத் தம்பதிகள் வரிசையில் வந்தார்கள். பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் வாடகைத் தாயாகப் போனதைச் சமூகவியலாளர் ஷர்மிளா ருத்ரப்பா ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். தையல் மெஷினில் முதுகு ஒடிந்த பெண்ணுக்கு அந்த ஒன்பது மாதம் கூடுதல் காசாகத் தெரிந்தது என்றால், தொழிற்சாலைக் கூலி எந்த லட்சணத்தில் இருந்தது என்று பாருங்கள். 2015-ல் வெளிநாட்டவருக்குத் தடை வந்தது. பிறகு எல்லோருக்குமாக இந்தச் சட்டம் வந்தது.

சுரண்டலை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யாருடைய பணத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மருத்துவர் கட்டணம் வாங்குகிறார். கருத்தரிப்பு மையம் வாங்குகிறது. ஆய்வகம், மருந்துக் கம்பெனி, வழக்கறிஞர், காப்பீட்டு நிறுவனம் எல்லோரும் வாங்குகிறார்கள். ஊசி போட்டுக்கொண்டு, வயிற்றில் சுமந்து, பெற்று, பால் கட்டிய மார்போடு வெறுங்கையாய் வீடு திரும்பும் பெண் மட்டும் தியாகம் செய்ய வேண்டும்.

இந்தத் தியாகம் நமக்குப் புதிதா? சாவுச் செய்தி சொல்லப் போன தாத்தாவையும், செத்த மாட்டைத் தூக்கிய அவருடைய அப்பாவையும் ஊர் என்ன சொல்லிற்று? கடமை என்றது, பரம்பரை உரிமை என்றது. கூலி கேட்டபோதுதான் அடி விழுந்தது. அந்த வெட்டி வேலையை எதிர்த்துத்தான் அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு எழுதப்பட்டது. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே, வறுமையின் நெருக்கடியும் கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுகோலைக் கர்ப்பத்துக்கு மட்டும் ஏன் வைக்கக் கூடாது?

1928-ல் பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் பாபாசாகேப். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் சுமையைப் பெரும்பாலும் அரசு ஏற்க வேண்டும், அவள் உழைப்பால் லாபம் அடையும் முதலாளியும் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம். தாய்மையைப் போற்றிப் பேசிவிட்டுச் செலவை அவள் தலையில் கட்டுவதை அவர் ஏற்கவில்லை. 2017-ல் நாடாளுமன்ற நிலைக்குழுகூட, ஊதியமில்லாத முறை வேண்டாம், இழப்பீடு கொடுக்கும் முறை வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. அரசு கேட்கவில்லை.

"வயிற்றுக்கு விலை வைத்தால் முதலில் விற்கப்படுவது தலித் பெண்ணின் வயிறுதானே?" என்று தோழர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான பயம். எனக்கும் அது உண்டு. ஆனால் விலையைத் தடை செய்தால் விற்பனை நின்றுவிடுமா என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 1980-களில் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பேர் வந்தது. 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து, உறவினர் தரலாம், மற்றவர் பாசத்தால் மட்டுமே தரலாம் என்றது. அதற்குப் பிறகும் சுனாமியில் எல்லாம் இழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007-ல் வெளியே வந்தது. 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் பற்றிய செய்தி வந்தது. காகிதத்தில் பாசம் இருந்தது, பணம் புரோக்கரிடம் இருந்தது. கொடுத்தவர் ஏமாந்தால் புகார் சொல்லவும் வழியில்லை, வாங்கியதே குற்றம் என்பதால்.

கருமுட்டையிலும் இதுதான் கதை. 23 முதல் 35 வயதுக்குள், வாழ்நாளில் ஒருமுறை, 7 முட்டைகளுக்குமேல் எடுக்கக் கூடாது, 12 மாதக் காப்பீடு வேண்டும் என்கிறது சட்டம். அது நடைமுறைக்கு வந்த அதே 2022-ல்தான் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடமிருந்து போலி ஆதார் அட்டையைக் காட்டிப் பலமுறை கருமுட்டை எடுத்தது தெரிந்தது. அந்த அக்டோபரில் ஒரு திரை நட்சத்திரத் தம்பதிக்கு வாடகைத் தாய் மூலம் இரட்டைக் குழந்தை பிறந்தபோது தமிழ்நாடே சட்டம் பேசியது. தம்பதி விதிமீறவில்லை என்று அரசின் விசாரணைக் குழு சொல்லும்வரை பேசினோம். ஈரோட்டுச் சிறுமிக்காக அதில் பாதி நேரமாவது பேசினோமா?

குழந்தையில்லாத நம் பெண்களின் நிலை இன்னொரு பக்கம். 'மலடி' என்ற சொல் சேரியிலும் வலிக்கும். கர்ப்பப்பைக் காசநோயும் கவனிக்காமல் விட்ட தொற்றும் கருத்தரிக்க விடாமல் செய்யும். தனியார் மையத்தில் லட்சங்கள் கேட்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஒருநாள் வேலையும் தவறக் கூடாது என்று கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது 2019-ல் வெளியே வந்தது. அடுத்தவர் பிள்ளையைச் சுமக்க நம் வயிறு வேண்டும். அந்த வயிற்றின் நோய்க்கு மருந்து கொடுக்க யாரும் இல்லை.

என் நிலைப்பாட்டை நேராகவே சொல்கிறேன். பழைய சந்தை திரும்ப வேண்டாம். அரசு நிர்ணயித்த இழப்பீடு, கர்ப்ப காலத்துக்கும் உடல் தேறும் காலத்துக்கும் சேர்த்து, புரோக்கரோ மையமோ தொடாமல் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். 36 மாதத்துக்குப் பிறகு வரும் பின்விளைவுக்கும் மருத்துவம் வேண்டும். தேசிய, மாநில வாரியங்களில் மருத்துவர்களுக்கும் சமூக அறிவியலாளர்களுக்கும் பெண்கள் அமைப்புகளுக்கும் இடம் இருக்கிறது. சுமந்த பெண்ணுக்கும் தலித், பழங்குடிப் பெண்களுக்கும் தனி இடம் இல்லை. அது வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஏழைப் பெண்ணுக்கும் கருத்தரிப்புச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தச் சட்டத்திலேயே நமக்குப் பயன்படும் இடங்கள் இருக்கின்றன. பெண்ணுக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் சம்மதம் பெற வேண்டும். கருவைக் கருப்பையில் வைக்கும்வரை அவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அவர் சம்மதமில்லாமல் யாரும் கருக்கலைப்பு செய்யவைக்க முடியாது. பணத்துக்காக நடந்தது என்று வழக்கு வந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, கணவரோ தம்பதியோ உறவினரோ அவரைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். குழந்தையின் பெற்றோர் யார் என்ற உத்தரவுக்குத் தம்பதியோடு அவரும் நடுவர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே தம்பதிக்கு வக்கீல் இருப்பார், இவருக்கு இருக்க மாட்டார். ஆனால் 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இந்தப் பெண்களைக் கூட்டிப் போங்கள். சமூகவியல் மாணவர்கள், உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுத்தார்கள், எத்தனை மையங்களை ஆய்வு செய்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிக்கா, கேஸ் ஆவாதுன்னு சொல்றீங்க. ஒம்பது மாசம் வேலைக்குப் போகாம எப்படிக்கா சாப்பிடறது?" என்றார். நான் படித்த எந்தப் பிரிவிலும் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலை எழுத வைப்பதுதான் நம் வேலை.

ஜெய்பீம்.