அகதிக்குத் துணைபோகும் மாணவருக்குச் சம்பளம் கொடுங்கள்

அமெரிக்காவில் வந்திறங்கும் அகதிக் குடும்பத்தின் கையில் ‘ஐஓஎம்’ என்ற எழுத்துகள் பொறித்த பிளாஸ்டிக் பை ஒன்று இருக்கும். புலம்பெயர்வோருக்கான பன்னாட்டு அமைப்பு கொடுத்து அனுப்பியது. பயணத்துக்கு முன் எடுத்த மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் தடுப்பூசி விவரங்களும் அதற்குள்தான் இருக்கும். வந்த 90 நாள்களுக்குள் இன்னொரு முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்தப் பையோடு எந்தப் பேருந்தில் ஏறி, எந்தக் கட்டடத்தில், யாரிடம் போய் நிற்பது?

பல ஊர்களில் அந்த நேரத்தில் கூடப் போகிறவர், இருபது வயதுக் கல்லூரி மாணவர். பொதுச் சுகாதாரமோ சமூகப் பணியோ படித்தபடி, அகதிகளைக் குடியமர்த்தும் தொண்டு நிறுவனத்தில் ஒரு பருவத்துக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்திருப்பார். மருத்துவரிடம் நேரம் வாங்குவது, காப்பீட்டுக் கடிதத்தைப் படித்துச் சொல்வது, மருந்துக்கடைக்குக் கூடப் போவது என்று அவர் செய்பவை வெளிப்பார்வைக்குச் சில்லறை வேலைகள்.

சில்லறை அல்ல. ரத்த அழுத்தத்துக்கு மருந்துக்கடையில் தரும் ஆரஞ்சு நிற டப்பாவில் 30 மாத்திரைகள் இருக்கின்றன; லேபிளின் ஓரத்தில், இன்னும் மூன்று முறை வாங்கிக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. கொடுத்த மாத்திரை தீர்ந்தால் வைத்தியமும் முடிந்தது என்று முகாமில் பழகியவர், டப்பா காலியானதும் நிறுத்திவிடுவார். ஆறு மாதம் கழித்துப் பக்கவாதத்தோடு அவசரப் பிரிவுக்கு வருவார். அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, டப்பாவைத் திருப்பிக் காட்டி, கடைக்கு எப்படிப் போன் செய்வது என்று இரண்டு முறை செய்துகாட்டும் மாணவர், அந்தப் பக்கவாதத்தைத் தடுத்திருக்கலாம். இதற்கு மருத்துவமனையின் கணக்கில் எந்தத் தலைப்பும் கிடையாது.

பூட்டானிலிருந்து 1990களின் தொடக்கத்தில் விரட்டப்பட்ட நேபாளி மொழியினரைப் பாருங்கள். கிழக்கு நேபாளத்தின் ஜாப்பா, மொரங் மாவட்ட முகாம்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தவர்கள். 2008 முதல் அவர்களில் 90,000-க்கும் மேற்பட்டோரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. அவர்களிடையே வைட்டமின் பி12 குறைபாடு பரவலாக இருப்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011-ல் வெளியிட்டது. இறைச்சியும் முட்டையும் பாலும் அரிதாகவே கிடைத்த முகாம் உணவுதான் முக்கியக் காரணம். அடுத்த செய்தி அதைவிடக் கொடியது. 2009 பிப்ரவரியிலிருந்து மூன்று ஆண்டுகளில் அவர்களில் 16 பேர் தற்கொலை செய்துகொண்டதை அதே மையம் ஆராய்ந்தது. மொழி தெரியாமை, விட்டுவந்த சொந்தங்களைப் பற்றிய கவலை, குடும்பத்தைப் பிரிந்திருத்தல் ஆகியவை அந்தச் சமூகத்தார் சொன்ன முதன்மையான சிரமங்கள். பி12-க்கு ஊசி உண்டு. மற்றதற்கு, வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசும் ஓர் ஆள் வேண்டும்.

இங்கேதான் இந்தப் பயிற்சி முறையின் ஓட்டை தெரிகிறது. பருவத்தேர்வு வந்ததும் மாணவர் போய்விடுகிறார். அகதிக் குடும்பத்துப் பாட்டி ஒருவழியாக அவரை நம்பி, தன் தூக்கமின்மையைச் சொல்லத் தொடங்கும் வாரத்தில் புது முகம் வந்து நிற்கிறது, எல்லாம் முதலிலிருந்து. பல இடங்களில் சம்பளமும் கிடையாது, படிப்புக்கான மதிப்பெண் மட்டும்தான். சம்பளமில்லாத வேலையை யாரால் செய்ய முடியும்? வீட்டில் வசதி உள்ள பிள்ளைகளால்தான். எட்டு வயதில் முகாமிலிருந்து வந்து, இன்று ஓஹையோவின் கொலம்பஸில் கல்லூரிக்குப் போய்க்கொண்டே கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கும் நேபாளிப் பெண்ணால் முடியாது. பாட்டியின் மொழியும் முகாமின் பழக்கமும் மருத்துவமனையின் நடைமுறையும் சேர்ந்து தெரிந்தவர் அவர்தான். அவரை வெளியே நிறுத்தும் எந்தப் பயிற்சித் திட்டமும் தனக்குத் தேவையான ஆளைத் தானே விரட்டுகிறது.

அதற்காக, மொழி தெரிந்த மாணவரை மருத்துவமனை இலவச மொழிபெயர்ப்பாளராக்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் இதற்கான தேசியச் சான்றுக்குக் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி தேவை. மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனை, மொழிபெயர்ப்பு வசதியைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம். அவசரநிலை தவிர, நோயாளியின் சிறுவயதுப் பிள்ளையை அதற்குப் பயன்படுத்தவும் கூடாது. தாயின் கருப்பைக் கட்டியைப் பற்றிப் பன்னிரண்டு வயது மகன் எடுத்துச் சொல்லும் கொடுமை நேராமல் பார்த்துக்கொள்ள, வரவேற்பு மேசையில் நின்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குவதுதான் மாணவரின் வேலை.

அந்த மேசையை அடையும் வழியே இப்போது அடைபடுகிறது. 2025 ஜனவரியில் அகதிகள் வருகையை டிரம்ப் நிர்வாகம் நிறுத்திவைத்தது. குடியமர்த்தும் நிறுவனங்களுக்கான நிதி முடங்கி, ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மெடிக்கெய்டு என்ற ஏழைகளுக்கான காப்பீட்டில் சேர முடியாத அகதிக்குக் கிடைத்துவந்த ஓராண்டு மருத்துவ உதவி, அந்த மே மாதத்தில் நான்கு மாதமாகச் சுருங்கியது. ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டம், 2026 அக்டோபர் 1 முதல், நிரந்தர வசிப்புரிமை அட்டை பெறாத அகதிகளுக்கு மெடிக்கெய்டே கிடையாது என்கிறது. அந்த அட்டைக்கு, வந்து ஓராண்டு கழித்துத்தான் விண்ணப்பிக்கவே முடியும்.

புதிதாக வருவோர் குறைந்துவிட்டார்களே, இனி மாணவர்கள் எதற்கு என்று கேட்கலாம். 2024 நிதியாண்டில் மட்டும் ஒரு லட்சம் பேர் வந்தார்கள். அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அட்டைக்கான விண்ணப்பத்தோடு தடுப்பூசிச் சான்றும் இணைக்க வேண்டும். ஒரு தாள் தவறினால் மாதங்கள் போகும், அந்த மாதங்களில் இன்சுலினுக்குக் காசு இருக்காது. காப்பீட்டைப் பறித்த அரசின் இடத்தை எந்த மாணவராலும் நிரப்ப முடியாது. ஆனாலும், அந்தத் தாள்களைச் சரியாக அடுக்கித் தர அவரால் முடியும்.

அகதிகளுக்குச் சேவை செய்வதாகத் தங்கள் விளம்பர ஏடுகளில் பெருமைப்படும் பல்கலைக்கழகங்கள் இதை உடனே செய்யலாம்: பயிற்சிக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுங்கள். ஒரு பருவத்துக்குப் பதில், ஒரு முழு ஆண்டுக்கு ஒரு குடும்பத்தை ஒரே மாணவரிடம் ஒப்படையுங்கள். முதல் இடத்தை, அகதியாக வந்து உங்கள் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள்.