மனை கொடுக்கும் முன் மண்ணைப் பார்த்தார்களா?

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது. அதன் பிறகு கரும்பும் மரவள்ளியும் நின்ற வயல்களில் மனைக்கல் நடுவதை நாம் பார்த்துவருகிறோம். தனியார் மனைப்பிரிவை விடுங்கள், வாங்குபவர் விசாரித்து வாங்கலாம். ஆதிதிராவிடர் நலத்துறை 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விளைநிலத்தை எடுத்து நம் மக்களுக்குப் பிரித்துத் தரும் இரண்டு மூன்று சென்ட் இடத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை 20,000 சதுர மீட்டர் கட்டடத்துக்கோ 50 ஹெக்டேர் நகரியத்துக்கோதான் பொருந்தும். காலனி மனை அதன் கண்ணில் படாது. மண்வள அட்டையை நீட்டுவார்கள். அதில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து இருக்கும். பூச்சிமருந்து எச்சம் இருக்காது.

பி.எச்.சி. தூள் தடையானது 1997-இல், எண்டோசல்பான் 2011-இல். பி.எச்.சி., டி.டி.டி. வகை மருந்துகள் மேல்மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். வீட்டு வாசலில் அந்த மண்ணில்தான் குழந்தை விளையாடும். உரம் கொட்டிய நிலத்தின் போர் தண்ணீரில் நைட்ரேட் ஏறியிருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. மீறினால் பால்குடிக் குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்க முடியாமல் உடல் நீலமாகும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வயலை வீடாகவோ பள்ளியாகவோ மாற்றும்போது மேல்மண்ணை எடுத்துப் பரிசோதிக்க 2008-லேயே வழிகாட்டுதல் இருக்கிறது. மருந்து கலக்கிய இடம், வைத்த இடம் ஆகியவற்றைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறது. நம் ஊரில் அந்த இடம் யாருக்குத் தெரியும்? பட்டாதாரர் வரப்பில் நின்றவர். முதுகில் டேங்க் சுமந்து அடித்தவரும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அதைக் கழுவியவரும் சேரிக்காரர். நிலத்தின் வரலாறு அவர் வாயில் இருக்கிறது. அதே நிலத்தில்தான் இப்போது அவருக்கு மனை. ஆய்வு செய்ய வருபவர் முதலில் அவரைக் கேட்கட்டும்.

"கிடைக்கிற இடத்தையும் கெடுக்காதே" என்பார்கள். புரிகிறது. கரியாலூர்ப் பக்கம் 1976 வரை ஜாகிர்தார் ஆட்சி. நிலவுரிமைக்காக இவ்வளவு காலம் அலைந்த மலைவாழ் மக்களிடம் போய் மண் பரிசோதனை என்றால் சிரிப்பார்கள். காலனிக்கு இடம் எடுத்தாலே நீதிமன்றம் போகும் நிலக்காரருக்கு இன்னொரு சாக்கு கிடைத்துவிடும் என்ற அச்சமும் பொய்யில்லை. அதனால்தான் இதை மனை பெறுபவர் தலையில் கட்டக் கூடாது என்கிறோம். நிலத்துக்கு விலை பேசும் முன்பே துறை தன் செலவில் பரிசோதிக்க வேண்டும். கெட்டது பெரும்பாலும் கொட்டகை ஓரத்து ஒரு மூலையாகத்தான் இருக்கும். அந்த மேல்மண்ணை அள்ளிப் பாதுகாப்பாக அகற்றிவிட்டு மனையைக் கொடு. செலவை நிலத்தின் விலையில் கழி. பட்டா தள்ளிப்போகக் கூடாது.

மாணவத் தோழர்கள் ஊர்ப் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் காலனிக்கு நிலம் எடுத்த கோப்பில் மண், நீர் பரிசோதனை அறிக்கை உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம்.