கடல் மதில் அல்ல

புதுமடத்துக் கடற்கரையில் துப்பாக்கி சுடும் தளம் அமைக்கலாம் என்று ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். தடித்த இரும்புத் தகட்டை நட்டுவிட்டால் குண்டு அங்கேயே நின்றுவிடுமாம். தகட்டில் படாத குண்டு கடலில் விழுந்து முங்கிவிடுமாம். கடலில் ஆளில்லையாம். நம் பையன்கள் ஒலிம்பிக்குக்குப் போவார்களாம். கடலில் ஆளில்லை என்று எழுதியவர் எந்தக் கடலைப் பார்த்தார் என்று தெரியவில்லை. எங்கள் ஊர்க் கடலாக இருக்க முடியாது.

ஒலிம்பிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அவர் உதாரணம் காட்டும் இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர், குஜராத்தில் பயிற்சி பெற்றவர். அவருடைய போட்டி 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அதற்கு வேண்டியது கூரை போட்ட ஒரு நீளமான கூடம், கடற்கரை அல்ல. அங்கே சுடுவது மின்னணு இலக்கை, இரும்புத் தகட்டை அல்ல. ஒலிம்பிக்கில் உலோக இலக்கைச் சுடும் ஆட்டம் குளிர்காலப் போட்டியில் உண்டு. பனியில் சறுக்கி வந்து, 50 மீட்டர் தூரத்தில், சிறிய .22 தோட்டாவால் சுடுவார்கள். புதுமடத்தில் பனி விழும்போது அதைப் பேசிக்கொள்ளலாம்.

இப்போது தகட்டுக்கு வருவோம். குண்டு தகட்டில் பட்டு 'நிற்கிறது' என்பது சினிமா அறிவு. நொடிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டர் வேகத்தில் வரும் ஈயமும் செம்பு உறையும் கடினமான எஃகில் மோதினால் நொறுங்கித் தெறிக்கின்றன. தகடு வழவழப்பாகவும் கடினமாகவும் இருந்தால், அந்தச் சிதறல் தகட்டின் முகத்தை ஒட்டியே நாலாபக்கமும் பாயும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தகட்டை மேல்விளிம்பு முன்னால் சாயும்படி தொங்கவிடுகிறார்கள். சிதறல் பெரும்பகுதி தரைக்குப் போகட்டும் என்று. ரைஃபிளுக்குக் குறைந்தது நூறு கெஜம் தள்ளி நிற்பதும், சுடுகிறவர் மட்டுமின்றி வேடிக்கை பார்ப்பவரும் கண்ணாடி போட்டுக்கொள்வதும் இதனால்தான்.

அவர் சொல்லும் தகடு எது? "பழைய கப்பல் தகடு, பாலத்து இரும்பு போதும்" என்கிறார். பாம்பன் பழைய பாலம் 1914-லிருந்து ரயிலைச் சுமந்தது உண்மை. சுமையைத் தாங்குவது வேறு, குண்டை வாங்குவது வேறு. சாதாரண மைல்ட் ஸ்டீலின் கடினம் பிரினெல் அளவில் நூற்றைம்பதுக்குப் பக்கம். இலக்குக்கென்று பதப்படுத்திய எஃகு ஐந்நூறு. ரைஃபிள் குண்டு மென்மையான இரும்பில் பட்டால் குழி விழும். அடுத்த குண்டு அந்தக் குழியில் விழுந்தால், குழியின் வளைவு சிதறலைத் திருப்பிச் சுட்டவன் முகத்துக்கே அனுப்பும். ஐந்நூறு கடினத் தகடும் சாசுவதம் அல்ல. நொடிக்குத் தொள்ளாயிரம் மீட்டரைத் தாண்டும் குண்டும், எஃகு உள்ளீடு வைத்த குண்டும் அதிலும் பள்ளம் போடும். நம்மூர்ப் பட்டறையில் கேஸ் வைத்து அறுத்தால், சூடு பட்ட விளிம்பில் பதம் போய்விடும்.

இத்தனைக்கும் மேலே உப்புக்காற்று. உலோகம் கடற்காற்றில் எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. அந்த மண்டபத்துக்குப் பக்கத்து ஊரில் இரும்புத் தகட்டைத் திறந்த வெளியில் நட்டு, அதன் முகம் வழவழப்பாகவே இருக்கும் என்று நம்பச் சொல்கிறார். துரு தின்ற குழிக்கும் குண்டு போட்ட குழிக்கும் சிதறல் வித்தியாசம் பார்க்காது.

தகட்டுக் கோளாறால் சுடுகிறவருக்குத்தான் அதிக ஆபத்து. அது அவர் விரும்பி ஏற்றது என்று விட்டுவிடலாம். தகட்டில் படாத குண்டு யாருடையது? அதற்குத்தான் அவர் கடலைக் காட்டுகிறார். ஓட்டுச்சில்லைத் தாழ்வாக வீசினால் தண்ணீரில் தத்தித் தத்திப் போவதைப் பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. குண்டும் அப்படித்தான். ஏறக்குறைய ஐந்தாறு டிகிரிக்குக் குறைவான சாய்வில் தண்ணீரைத் தொடும் குண்டு முங்காமல் எழும்பிப் போகும். கணக்கு எளிது: மூன்று மீட்டர் உயர மணல்மேட்டிலிருந்து நேராகச் சுட்ட குண்டு முந்நூறு மீட்டரில் தண்ணீரைத் தொட்டால், அதன் சாய்வு ஒரு டிகிரிகூட இருக்காது. 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளை உடைக்க பார்ன்ஸ் வாலிஸ் செய்த குண்டு நான்கு டன்னுக்கு மேல் எடை. அதுவே நீர்ப்பரப்பில் குதித்துக் குதித்துப் போய் அணையில் மோதியது. சில கிராம் ஈயம் மட்டும் மரியாதையாக மூழ்கிவிடும் என்று இவர் உத்தரவாதம் தருகிறார்! தண்ணீரில் பட்டு எழும் குண்டு நேர்கோட்டிலும் போகாது. எந்தப் பக்கம் திரும்பும் என்று சுட்டவருக்கே தெரியாது. சின்ன .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒரு மைலுக்கு மேல் ஆபத்து என்று அச்சடித்திருக்கும். பெரிய ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டர் போகும். அந்தத் தூரத்துக்குள் எத்தனை வள்ளம், எத்தனை நாட்டுப்படகு! தலைக்கு மேலே உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து தளத்து விமானங்கள் வேறு.

"விபத்து எங்கோ ஒன்று நடக்கும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பசுமலைப்பட்டி சுடுதளத்தில் 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். சீருடைக்காரர்கள் பயின்ற இடம் அது. மலைகள் சூழ்ந்த பகுதி. அங்கேயே அப்படி. இங்கே மலைக்குப் பதில் அலை என்கிறார். சுடுதளத்தின் உயிர் பின்னால் எழுப்பும் மண்மேட்டில் இருக்கிறது. அது ஒன்றைத்தான் அவருடைய திட்டத்தில் காணோம். செலவு மிச்சம் என்று பெருமை வேறு.

"மீனவர்களுக்கு முன்கூட்டியே நேரத்தை அறிவித்துவிடலாம்" என்று முடிக்கிறார். ராணுவம் களப்பயிற்சிக்காக ஒரு பகுதியை அடைத்தால் 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிப்புத் தர வேண்டும், ஏற்பட்ட இழப்புக்கு ஈடும் தர வேண்டும். இவருடைய கட்டுரையில் அறிவிப்பு மட்டும் இருக்கிறது, இழப்பீடு இல்லை. விடியலில் வலை வாங்கி வரும் வள்ளங்கள் இருக்கும். பகலில் கரைவலை இழுப்பார்கள். மாலையில் மறுபடி கடலுக்குப் போவார்கள். இரவில் சுட முடியாது. எந்த நேரம் என்று அவர் எழுதட்டும். எங்கள் ஊர் சங்கத்தில் படித்துக் காட்டுகிறேன்.